பதினேழு சதவீத வட்டியில் ஓர் இலையுதிர்காலம்

மாஸ்கோ, 2025 செப்டம்பர் 11, வியாழன்

வங்கியின் கடன் பிரிவிலேயே காலம் தள்ளி ஓய்வுபெற்ற ஒருவனுக்கு, எந்த ஊருக்குப் போனாலும் கோபுரத்துக்கு முன்பு வட்டி விகிதம்தான் கண்ணில் படும். விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வரும் சாலையோரப் பலகைகளிலும், மெட்ரோ ரயில் பெட்டியின் சுவர்களிலும், பேருந்து நிறுத்தக் கண்ணாடிகளிலும் வைப்புத்தொகைக்கான வட்டியே பெரிய எழுத்தில் மின்னிக்கொண்டிருந்தது: 15 சதவீதம், 16 சதவீதம், புதிய வாடிக்கையாளருக்கு அதற்கும் மேலே. என்னை அழைத்துப்போக வந்திருந்த அக்கா மகன் இங்கே ஓர் இந்திய மருந்து நிறுவனத்தின் அலுவலகத்தில் சில ஆண்டுகளாக வேலை பார்க்கிறான். "செஞ்சதுக்கத்தைக் காட்டலாம் என்று சுற்றி வருகிறேன், நீங்கள் வங்கி விளம்பரத்தைப் படித்துக்கொண்டு வருகிறீர்களே மாமா" என்று அலுத்துக்கொண்டான்.

விசாவும் மாஸ்டர்கார்டும் 2022 மார்ச்சில் இங்கே தங்கள் சேவையை நிறுத்திவிட்டதால் நம் ஊர் அட்டைகள் எதுவும் செல்லாது. கையில் டாலராகக் கொண்டுவந்து மாற்றிக்கொள்வதுதான் வழி. வங்கிக் கிளையொன்றின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த இளம்பெண் என் நோட்டுகளை ஒவ்வொன்றாக விளக்கொளியில் பிடித்துப் பார்த்து, இரண்டைத் தனியே எடுத்து வைத்தார். சென்னை நாணய மாற்றுக் கடையில் வைத்திருந்த, கடுகளவு முத்திரை அவற்றின் ஓரத்தில் இருந்தது. கள்ள நோட்டு என்று அவர் சொல்லவில்லை, குரலை உயர்த்தவுமில்லை; இது செல்லாது என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அதே தெருவில் வேறொரு வங்கி பத்து சதவீதம் கழித்துக்கொண்டு அவற்றை வாங்கிக்கொண்டது. அந்தப் பத்து சதவீதத்தை நினைத்து வருந்துவதற்கு எனக்கு நகரின் நதிக்கரை முழுவதும் தேவைப்பட்டது.

ஒரு டாலருக்குக் கிடைத்தது 84 ரூபிளை ஒட்டிய தொகை. ஊரில் டாலர் 88 ரூபாய். ஆக ஒரு ரூபிள் என்பது ஏறத்தாழ ஒரு ரூபாய் ஐந்து காசு. இந்தக் குறிப்புகளில் ரூபிள் என்று வருமிடங்களில் ரூபாய் என்று படித்துக்கொண்டாலும் பெரிய பிழை வராது. வேறு எந்த நாட்டிலும் நமக்கு இந்த வசதி கிடைக்குமா என்று தெரியவில்லை.

இரவுச் சாப்பாடு ஒரு ஸ்டலோவயாவில். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நகர்ந்து, வேண்டியதைக் கேட்டு வாங்கி, கடைசியில் பணம் கட்டும் பழைய பாணி உணவகம். பீட்ரூட் சூப்பான போர்ஷ், காளான் வதக்கிப் போட்ட பக்வீட், இரண்டு துண்டு கறுப்பு ரொட்டி, உலர்பழம் வேகவைத்த கம்போத் எல்லாம் சேர்த்து 390 ரூபிள். கல்லாவில் இருந்த நடுவயதுப் பெண்மணி என் தட்டைப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு எழுந்து போய் ஒரு கரண்டி ஸ்மெத்தானா கொண்டுவந்து போர்ஷின் நடுவில் வைத்துவிட்டு, ஒரு சிரிப்பும் இல்லாமல் தன் நாற்காலிக்குத் திரும்பினார். புளித்த பாலாடை இல்லாமல் ஒருவன் போர்ஷ் குடிப்பதை அவரால் சகித்துக்கொள்ள முடியவில்லை போலும். அதற்குக் காசு வாங்கவில்லை.

மாஸ்கோ, செப்டம்பர் 12, வெள்ளி

மத்திய வங்கி வட்டியை அறிவிக்கும் நாள். நம் ஊரில் ரிசர்வ் வங்கியின் அறிவிப்பு மறுநாள் செய்தித்தாளின் வணிகப் பக்கத்தில் வரும் விஷயம். இங்கே மதியம் ஒன்றரை மணிக்கு அக்கா மகனின் அலுவலகத்தில் எல்லோரும் கைபேசியை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள், சரக்குக் கிடங்கில் வேலை செய்பவர் உட்பட. அடிப்படை வட்டி 18 சதவீதத்திலிருந்து 17 ஆனது. 16 ஆகும் என்று பலர் எதிர்பார்த்திருந்ததால் அறையில் ஒரு சலிப்பு பரவியது. மாலையில் மத்திய வங்கித் தலைவர் நபியூல்லினா தொலைக்காட்சியில் விளக்கம் சொன்னபோது, 2013 முதல் அந்தப் பதவியில் இருப்பவரின் உடையையும் குரலையும்கூட அவர்கள் ஜாதகம் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

கடந்த அக்டோபர் இறுதியிலிருந்து இந்த ஜூன் தொடக்கம்வரை இந்த விகிதம் 21 சதவீதமாக இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் அவர்களுடைய ஆர்வம் புரிகிறது. அரசு உக்ரைன் போருக்காகப் பெரும் பணத்தைச் செலவிடுகிறது; படையும் ஆயுத ஆலைகளும் ஆட்களை இழுத்துக்கொண்டதில் வேலையின்மை 2.2 சதவீதம் என்ற அளவுக்கு வற்றிவிட்டது. ஆள் கிடைக்காத முதலாளிகள் சம்பளத்தை ஏற்றுகிறார்கள். அந்தச் சம்பளம் வாங்க நினைக்கும் பொருள்கள் அதே வேகத்தில் உற்பத்தியாவதில்லை. விலை ஏறுகிறது, 2024-இல் பணவீக்கம் 9.5 சதவீதம். அதை அடக்க மத்திய வங்கியின் கையில் இருப்பது வட்டி ஒன்றுதான். செலவை முடிவு செய்வது அவர்கள் அல்லர்.

அலுவலகக் கணக்காளரான பெண்மணியிடம் என் தொழில் புத்தி கேள்வி கேட்டது. அவர் வாடகை வீட்டில் இருக்கிறார், வீடு வாங்கச் சேர்த்த பணம் வங்கியில் இருக்கிறது. எட்டு சதவீத மானிய வட்டியில் எல்லோருக்கும் கிடைத்துவந்த வீட்டுக்கடன் 2024 ஜூலை 1 முதல் நின்றுவிட்டது. குழந்தை உள்ள குடும்பங்களுக்கான 6 சதவீதக் கடன் இவருக்குப் பொருந்தாது. சந்தை வட்டியில் வாங்கினால் 20 சதவீதத்துக்கு மேல். ஆகவே பணத்தை வைப்பில் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே வருகிறார். ஓராண்டுக்குப் போட்டால் என்ன என்றேன். ஓராண்டு வைப்புக்கு வட்டி குறைவு என்றார். நான் பணிபுரிந்த காலமெல்லாம் நீண்ட வைப்புக்கு அதிக வட்டி என்று சொல்லியே ஆட்களைப் பிடித்தவன். இங்கே அட்டவணை தலைகீழாக இருந்தது. வட்டி இனி இறங்கும் என்று வங்கிகள் எண்ணுகின்றன. மூன்று மாதத்துக்கு அப்பால் தன்னால் எதையும் எண்ண முடியவில்லை என்பது அவருடைய காரணம். மக்களின் வைப்புத்தொகை மொத்தம் 50 லட்சம் கோடி ரூபிளைத் தாண்டிவிட்டது என்பதைச் செல்வத்தின் அடையாளமாகச் சிலர் எழுதுகிறார்கள். அது செலவழிக்கப் பயந்து ஒதுக்கிய பணம் என்றுதான் இவரைப் பார்த்தபின் எனக்குப் படுகிறது.

மாலையில் பல்பொருள் அங்காடி. அலமாரிகள் வழிய வழிய நிறைந்திருக்கின்றன; மேற்கு நாடுகளின் தடைகளால் ரஷ்யக் கடைகள் காலியாகிவிட்டன என்று நம்புகிறவர்கள் இங்கே பத்து நிமிடம் நடந்தால் போதும். ஆனால் விலைச்சீட்டுகளைக் குனிந்து படிக்க வேண்டும். 180 கிராம் வெண்ணெய் 200 ரூபிளுக்கு மேல். சென்ற ஆண்டு அதன் விலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறியபோது திருட்டுக்குப் பயந்து சில கடைகள் வெண்ணெய்க் கட்டிகளைப் பூட்டுப் போட்ட நெகிழிப் பெட்டிக்குள் வைத்தன. பால் பெட்டியைக் கையில் எடுத்தால் ஒரு லிட்டர் போலவே இருக்கிறது. ஓரத்தில் 900 மில்லி என்கிறது. முட்டைக்கும் ஒரு வரலாறு உண்டு: 2019-இல் சில நிறுவனங்கள் பத்துக்குப் பதில் ஒன்பது முட்டை அடைத்து விற்று நாடு முழுவதும் கேலிக்கு ஆளாயின; 2023 டிசம்பரில் ஓய்வூதியர் ஒருவர் தொலைக்காட்சி நேரலையில் முட்டை விலையைப் பற்றி முறையிட்டபோது அதிபர் புதின் மன்னிப்பே கேட்டார். இப்போது முட்டை மலிவு. பத்து முட்டை உள்ள பெட்டிகளை ஒரு முதியவர் ஒவ்வொன்றாகத் திறந்து, விரிசல் இருக்கிறதா என்று விரலால் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாஸ்கோவுக்கு வடகிழக்கே, செப்டம்பர் 13, சனி

கணக்காளரின் தாயார் எங்களைத் தம்முடைய தாச்சாவுக்கு, அதாவது ஊருக்கு வெளியே உள்ள தோட்ட வீட்டுக்கு, அழைத்திருந்தார். புறநகர் மின்ரயிலில் கூடையும் பூட்ஸுமாகக் காளான் பறிக்கப் போகிறவர்கள் நிறைந்திருந்தார்கள். இலைகள் மஞ்சளாகத் தொடங்கிய காட்டுக்கு மேல் இதமான வெயில். நிலையத்து வாசலில் வாளி கவிழ்த்துப் போட்டு அமர்ந்திருந்த பாட்டிமார் சோவாக்கீரையும் ஆப்பிளும் விற்றார்கள். விலை கேட்டால் சொல்கிறார்கள், வாங்காமல் நகர்ந்தால் கூப்பிடுவதில்லை.

சோவியத் காலத்தில் ஆலைத் தொழிலாளிக்கு ஒதுக்கப்பட்ட அதே ஆறு நூற்றுப்பங்கு நிலம், அதாவது 600 சதுர மீட்டர். அதில் ஒரு மரவீடு, கண்ணாடிக் குடில், ஆப்பிள் மரங்கள், மீதியெல்லாம் பாத்திகள். நாங்கள் போனபோது உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார்கள். எழுபதைக் கடந்த அந்த அம்மாள் மண்வெட்டியைக் காலால் அழுத்திப் புரட்டிப்போட, கிழங்குகளைப் பொறுக்கி வாளியில் போடும் வேலை எனக்கு. பெரியவை சாப்பிட, கோழிமுட்டை அளவுள்ளவை அடுத்த ஆண்டு விதைக்கு, மண்வெட்டி பட்டவை இன்றைய மதியத்துக்கு என்று மூன்று வாளிகள். மாற்றிப் போட்டால் உடனே கவனிக்கிறார்.

உருளைக்கிழங்கைப் பற்றி இந்த நாட்டில் இந்த ஆண்டு எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கிறது. சென்ற ஆண்டு விளைச்சல் குறைந்ததால் வசந்தத்தில் விலை முந்தைய ஆண்டைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கானது. எகிப்திலிருந்து வந்த கிழங்கு கடைகளில் இருந்தது. நம்மிடம் உருளைக்கிழங்கு போதவில்லையாம் என்று மே மாதம் அதிபரே சொன்னார். உருளை, முட்டைக்கோசு, கேரட், பீட்ரூட், வெங்காயம் ஆகிய ஐந்தையும் போர்ஷ் தொகுப்பு என்று ஒன்றாகச் சேர்த்து இங்குள்ள செய்தியாளர்கள் விலை கணிக்கிறார்கள். புள்ளியியல் துறையின் பணவீக்க எண்ணைவிட மக்கள் அதையே நம்புகிறார்கள். புதுக்கிழங்கு வந்தபின் விலை பாதிக்குமேல் இறங்கிவிட்டது. அந்த அம்மாளுக்கு அதனால் ஆறுதல் இல்லை. அடுத்த ஆண்டும் நடவேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமும் இல்லை.

மதியச் சாப்பாட்டு மேசையில் இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் ரஷ்யப் பெண்ணை மணந்து நெடுங்காலமாக இங்கே மொழி கற்பிக்கும் ஜெர்மானியர். மற்றவர் பக்கத்து வீட்டில் குடும்பத்தோடு வாடகைக்கு இருக்கும் அமெரிக்கர். மேற்கின் போக்குப் பிடிக்காமல் மரபான விழுமியங்களை நாடி வருவோருக்கு மொழித் தேர்வின்றித் தங்க அனுமதி தரும் 2024 ஆகஸ்டு ஆணையின்கீழ் வந்தவர். வெந்த கிழங்கும் சோவாக்கீரையும் ஊறவைத்த வெள்ளரியும் நடுவில் இருக்க, அவர்கள் இருவரும் ரஷ்யப் பொருளாதாரத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

அமெரிக்கரின் வாதம் அவர் கண்ணால் காண்பது: கடைகள் நிறைந்திருக்கின்றன, மெட்ரோ நிலையத்தில் தரையில் அமர்ந்து சாப்பிடலாம், குளிர்காலம் முழுவதும் வீட்டைச் சூடேற்றும் செலவு அவர் ஊரில் ஒரு வாரத்துக்கு ஆவதைவிடக் குறைவு, மெக்டொனால்ட்ஸ் போன இடத்தில் அதே சமையலறை வேறு பெயரில் 2022 ஜூனிலேயே திறந்துவிட்டது, எனவே தடைகள் தோற்றுவிட்டன. ஜெர்மானியர் வாங்கப்படாதவற்றைப் பார்க்கச் சொன்னார்: தள்ளிப்போடும் பல் மருத்துவம், மாற்றாத கார், ஜெர்மனியிலிருந்து வந்த இயந்திரத்துக்கு மூன்று நாடுகள் சுற்றி இரட்டை விலையில் வரும் உதிரிபாகம். ஒருவர் சொன்னது எதையும் மற்றவர் மறுக்கவில்லை என்பதைக் கவனித்தேன். இருவரும் மெய்யைத்தான் சொன்னார்கள், ஆனால் அவரவர் தாய்நாட்டோடு நடத்தும் சண்டைக்கு ரஷ்யாவைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மாள் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அமெரிக்கரிடம் அவருடைய வருமானம் எந்தப் பணத்தில் வருகிறது என்று விசாரித்தார். டாலரில், இணையவழி வேலை. "அப்படியானால் சென்ற குளிர்காலத்தில் ஒரு டாலருக்கு நூறு ரூபிளுக்கு மேல் வாங்கினீர்கள், இப்போது 84 வாங்குகிறீர்கள். ரூபிள் பலமாகிவிட்டது என்று தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். நீங்கள் ஏழையானது உங்களுக்குத் தெரிகிறது. நான் பணக்காரியானது எனக்குத்தான் இன்னும் தெரியவில்லை" என்றார். அமெரிக்கர்தான் முதலில் சிரித்தார்.

அவருடைய ஓய்வூதியம் 25,000 ரூபிளுக்குச் சற்றுக் குறைவு. வீட்டுச் சூடேற்றம், தண்ணீர், மின்சாரம், குப்பை எல்லாம் சேர்ந்த குடியிருப்புக் கட்டணம் ஜூலை 1 முதல் நாடு முழுவதும் சராசரி 11.9 சதவீதம் உயர்ந்திருக்கிறது. 1992 ஜனவரியில் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியபோது சேமிப்பு வங்கியில் இருந்த ஒரு காரின் விலைக்குரிய பணம் கோடைக்குள் ஒரு ஜோடி பூட்ஸுக்கானதாகச் சுருங்கியதையும், 1998 ஆகஸ்டில் அரசே கடனைத் திருப்பித் தராமல் கைவிரித்ததையும் அவர் எந்த வருத்தமும் இல்லாமல், போன வருடத்து மழையைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னார். அவருடைய நிலவறையில் வரிசை வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள், மூடியில் ஆண்டு எழுதி. வங்கியை அவர் நம்பாமல் இல்லை, மகளுக்காக அங்கும் கொஞ்சம் வைத்திருக்கிறார்.

போர் என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. படையை இழிவுபடுத்துவது 2022 மார்ச்சிலிருந்து தண்டனைக்குரிய குற்றம்; அந்நியர்கள் இருக்கும் மேசையில் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அருகில் ஒரு வீட்டுக்குப் புத்தம்புதிய உலோகக் கூரை போட்டிருந்ததைப் பார்த்து நான் விசாரித்தபோது, அவர்கள் மகன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டான் என்று அந்த அம்மாள் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு பீட்ரூட்டுக்குப் போய்விட்டார். 2024 ஜூலையில் படையில் சேரும் ஒப்பந்தக் கையெழுத்துக்கு மாஸ்கோ நகரம் அறிவித்த தொகை 19 லட்சம் ரூபிள். மத்திய அரசின் 4 லட்சம் தனி. மாதச் சராசரிச் சம்பளம் 1 லட்சத்தை ஒட்டியிருக்கும் நாட்டில், அதுவும் சிற்றூர்களில் அதில் பாதிகூடக் கிடைக்காத இடத்தில், அந்தத் தொகை எதை மாற்றும் என்பதற்கு அந்தக் கூரையைவிட விளக்கமான அறிக்கை வேண்டியதில்லை.

நிஷ்னி நோவ்கொரோத், செப்டம்பர் 16, செவ்வாய்

மழை, காற்று, இறங்கியவுடன் கைபேசியில் இணையம் இல்லை. ட்ரோன் தாக்குதலுக்கு அஞ்சி இந்தக் கோடையிலிருந்து பல மாகாணங்களில் கைபேசி இணையத்தை நிறுத்திவிடுகிறார்கள். இந்த ஊரில் அது அடிக்கடி நடக்கிறது. வாடகைக்கார் அழைக்க முடியாது, வரைபடம் திறக்காது, அக்கா மகனுக்குச் செய்தி அனுப்ப முடியாது. நிலையத்துக்கு வெளியே பழைய லாடா கார் ஒன்றின் மேல் சாய்ந்து நின்ற பெரியவர் 300 ரூபிள் கேட்டார், குறைக்கவில்லை, ஆனால் விடுதியின் வாசல் எந்தப் பக்கம் என்று மழையில் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து கதவைத் திறந்தார்.

ரொட்டிக் கடையில் கல்லா இயந்திரம் இயங்காமல், கிழித்த காகிதத்தில் ரொக்கம் மட்டும் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். வரிசையில் நின்ற உள்ளூர்க்காரர்கள் எல்லோரிடமும் அட்டை இருந்தது, முகத்தைக் காட்டிப் பணம் செலுத்தும் வசதிகூட இருந்தது. கையில் நோட்டு இருந்தவன் அட்டை செல்லாத வெளிநாட்டுக்காரனான நான் ஒருவன்தான். எனக்கு முன்னால் நின்ற மாணவி ஒருத்தியின் 87 ரூபிளை நான் கொடுத்தேன். என் தொலைபேசி எண்ணுக்குப் பணம் அனுப்புவதாகச் சொன்னாள். இந்திய எண்ணுக்கு அது வராது என்று சைகையால் விளக்கியதும், பையைத் துழாவி ஒரு சாக்லேட்டை எடுத்து என் கையில் திணித்துவிட்டுப் போனாள். கடன் வைத்துக்கொள்வதில் இந்த ஊர் மக்களுக்கு உள்ள கூச்சத்தை நான் பணிபுரிந்த கிளையின் வாடிக்கையாளர்கள் கொஞ்சம் கற்றிருக்கலாம்.

நிஷ்னி நோவ்கொரோத், செப்டம்பர் 17, புதன்

வோல்காவும் ஓகாவும் கலக்கும் இந்த நகரத்துக்குச் சோவியத் காலத்தில் கார்க்கி என்று பெயர், வெளிநாட்டவர் நுழையத் தடை. அரசை எதிர்த்த அணு விஞ்ஞானி சகாரவ் 1980 முதல் 1986 வரை இங்கேதான் நாடு கடத்தப்பட்டவர்போல் வைக்கப்பட்டிருந்தார். இன்று வோல்காவுக்கு மேலே மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் நீளும் கம்பிவடப் பெட்டியில் அக்கரையில் உள்ள ‘போர்’ (Bor) என்ற ஊருக்குப் போனேன். சுற்றுலாவுக்கென்று நினைத்திருந்தேன்; என்னோடு ஏறியவர்கள் காய்கறிப் பையோடு வீடு திரும்புகிறவர்கள்.

அவர்களில் ஒருவர் ஆட்டோ ஆலையில் வேலை பார்ப்பவர், ஓரளவு ஆங்கிலம் பேசினார். காஸ் என்று எல்லோரும் அழைக்கும் அந்தக் கார்க்கி ஆலை ஆகஸ்டிலிருந்து வாரத்தில் நான்கு நாள் வேலைக்கு மாறியிருக்கிறது. லாடா செய்யும் அவ்தோவாஸும் இம்மாதம் 29 முதல் மாறுவதாக அறிவித்திருக்கிறது. சிறுவணிகர்கள் வாகனக் கடன் வாங்கித்தான் சரக்கு வண்டி எடுப்பார்கள், இந்த வட்டியில் யார் எடுப்பது என்றார். போதாதென்று சீனக் கார்கள் கடைவீதியை நிறைத்துவிட்டன. வேலையை விட்டுவிடலாமே, ஆளில்லை என்று எல்லா இடத்திலும் விளம்பரம் இருக்கிறதே என்று கேட்டேன். வேலை இருக்கிறது, கூரியராகப் போனால் கூடுதலாகவே கிடைக்கும், ஆனால் தான் ஒரு கருவி அமைப்பாளன் என்று சொல்லிவிட்டு ஆற்றைப் பார்த்தார். வேலையின்மை 2.2 சதவீதம் என்ற எண்ணுக்குள் இந்த மனிதரின் வெள்ளிக்கிழமைகள் வருவதில்லை.

கசான், செப்டம்பர் 19, வெள்ளி

வெள்ளைக் கோட்டைக்குள் மாதா கோயிலும் குல் ஷரீஃப் மசூதியும் அருகருகே நிற்கும் அழகான நகரம். அதைப் பற்றி எழுத ஆட்கள் உண்டு. இறைச்சியும் கிழங்கும் பொதிந்து முக்கோணமாகச் சுடும் எச்போச்மாக் ஒன்றும் தேநீரும் 200 ரூபிளுக்குள் முடிந்தது.

மருத்துவம் படிக்கும் திருநெல்வேலிப் பிள்ளைகள் சிலரை அக்கா மகன் அறிமுகப்படுத்தியிருந்தான். விடுதிச் சமையலறையில் சாம்பார் வைத்துத் தந்தார்கள். புளி இருந்தது, கறிவேப்பிலை இல்லை. அவர்களில் ஒரு பெண் சொன்னாள்: "சார், போன வருஷம் குளிர்காலத்தில் ஒரு ரூபிளுக்கு அப்பா எண்பது காசுதான் கணக்குப் போட்டார். இப்போது ஒரு ரூபாய்க்கு மேல் போகிறது. நான் இங்கே ஒரு பைசா கூடுதலாகச் செலவு செய்யவில்லை என்று வீட்டில் எப்படிச் சொல்வது?" தாச்சாவின் அம்மாளுக்குத் தென்படாத ரூபிளின் பலம் பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் கால்பங்குக்கு மேல் சுமையாக இறங்கியிருக்கிறது. பலம் என்று சொல்வதுகூட முழு உண்மையன்று: வட்டி உச்சத்தில் இருப்பதால் ரூபிளைக் கைவிட யாருக்கும் மனமில்லை, கடன் வாங்கி இறக்குமதி செய்யவும் ஆளில்லை, ஆகவே டாலருக்குத் தேவை குறைந்து கிடக்கிறது.

கசான் – மாஸ்கோ இரவு ரயில், செப்டம்பர் 21, ஞாயிறு

தடுப்பில்லாத மூன்றாம் வகுப்புப் பெட்டி, 50-க்கு மேற்பட்ட படுக்கைகள். பெட்டிப் பொறுப்பாளர் அம்மையார் உலோகத் தாங்கியில் கண்ணாடிக் குவளை வைத்துத் தேநீர் தந்தார். ஏறிய ஐந்தாவது நிமிடத்தில் எல்லோரும் வீட்டு உடைக்கும் செருப்புக்கும் மாறிவிடுகிறார்கள். கீழ்ப்படுக்கைக்காரரின் அனுமதி கேட்காமல் மேல்படுக்கைக்காரர் மேசையருகில் அமர்வதில்லை.

எதிரே ஒரு வெல்டர். இரண்டு மாதம் வெளியூரில் கட்டுமான வேலை, ஒரு மாதம் வீடு என்ற சுழற்சியில் இருப்பவர். அவித்த முட்டையும் வெள்ளரியும் அலுமினியத் தாளில் சுற்றிய கோழியும் மேசையில் பரப்பி, மறுக்க முடியாத தோரணையில் என் பக்கம் நகர்த்தினார். மொழிபெயர்ப்புச் செயலியின் துணையோடு அவர் முதலில் கேட்டது எண்ணெயைப் பற்றி. "எங்கள் எண்ணெயைத் தள்ளுபடியில் வாங்குகிறீர்களே, உங்கள் ஊரில் பெட்ரோல் மலிவாகிவிட்டதா?" சென்னையில் லிட்டர் 100 ரூபாய் 80 காசு, 2024 மார்ச்சிலிருந்து பெரிதாக அசையவில்லை என்றேன். அவர் செயலியை நம்பாமல் எண்ணை எழுதிக் காட்டச் சொன்னார். இங்கே 65 ரூபிளை ஒட்டியிருக்கிறது; சுத்திகரிப்பு ஆலைகள் மீதான தாக்குதலுக்குப் பின் விலை ஏறிக்கொண்டே போகிறது, சில மாகாணங்களில் வரிசையில் நிற்கிறார்கள், ஏற்றுமதிக்குத் தடை போட்டும் தணியவில்லை என்று அதுவரை கடுமையாகக் குறைபட்டுக்கொண்டிருந்தவர், என் எண்ணைப் பார்த்ததும் அடங்கிவிட்டார். அந்த எண்ணெய்க்காக அமெரிக்கா ஆகஸ்டு 27 முதல் நம் சரக்கின் மீதான வரியை 50 சதவீதமாக்கியதையும், திருப்பூரில் ஏற்றுமதி ஆர்டர்கள் நிற்பதையும் சொன்னேன். கோழிக்காலை எனக்கே வைத்தார்.

சம்பாத்தியம் முன்னெப்போதையும்விட நன்றாக இருக்கிறது என்றார். ஒளிக்கவில்லை. கடன் மட்டும் வாங்குவதில்லை. கையில் பணம் சேர்ந்ததும் கருவிகள் வாங்குகிறார், சென்ற முறை ஜப்பானிய வெல்டிங் இயந்திரம் ஒன்றைப் பழைய பொருளாக வாங்கியிருக்கிறார். எதற்காக இத்தனை கருவிகள் என்ற கேள்விக்கு, பிறகு எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும் என்ற பதில்தான். கணக்காளர் மூன்று மாத வைப்பில் சொன்னதும் இதைத்தான்.

மாஸ்கோ, செப்டம்பர் 24, புதன்

குளிர் திடீரென்று இறங்கிவிட்டது. வெளியில் ஏழு டிகிரி, வீட்டுக்குள் வெப்பக்குழாய் இன்னும் தண்ணென்று இருக்கிறது. நாளின் சராசரி வெப்பம் தொடர்ந்து ஐந்து நாள் எட்டு டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் நகராட்சி சூடேற்றத்தைத் திறக்கும். அதுவரை எல்லோரும் கம்பளிச் சட்டையோடு வீட்டுக்குள் உலவுகிறார்கள். அமெரிக்கர் புகழ்ந்த மலிவுக்கு இந்த வாரம் ஒரு விதிவிலக்கு.

காலையில் சந்தைக்குப் போனேன். உலர்பழம் விற்கும் உஸ்பெக் வியாபாரி நான் இந்தியன் என்றதும் பழைய இந்திப் பாடல் ஒன்றை முணுமுணுத்து, ஒரு கைப்பிடி பாதாமி கூடுதலாகப் போட்டார். இங்கே வேலை செய்வதற்கான உரிமச் சீட்டுக்கு அவர் மாதம் ஏறக்குறைய 9,000 ரூபிள் கட்டுகிறார். இம்மாதம் 1-ஆம் தேதியிலிருந்து அவரைப் போன்றவர்கள் இருக்குமிடத்தை அரசுக்குக் காட்டிக்கொண்டே இருக்கும் செயலி ஒன்றையும் மாஸ்கோவில் வைத்திருக்க வேண்டும். அமினா என்று அதற்குப் பெண் பெயர் வைத்திருக்கிறார்கள். இணையம் நின்றுபோனால் என்ன செய்வார் என்று கேட்டதற்கு, உள்ளங்கையை வானத்தைப் பார்த்துத் திருப்பிக் காட்டினார்.

மதியத்துக்குள் நகரம் முழுவதும் ஒரே பேச்சு. மதிப்புக் கூட்டு வரியை 2026 ஜனவரி 1 முதல் 20 சதவீதத்திலிருந்து 22 ஆக்க நிதியமைச்சகம் முன்மொழிந்திருக்கிறது. கூடுதல் பணம் முதன்மையாகப் பாதுகாப்புக்கு என்று அமைச்சகமே சொல்லிவிட்டது. உணவு, மருந்து, குழந்தைகளுக்கான பொருள்கள் ஆகியவற்றுக்கான 10 சதவீதச் சலுகை தொடருமாம். கணக்காளர் உடனே சலவை இயந்திரத்தை டிசம்பருக்குள் வாங்கிவிட முடிவு செய்துவிட்டார். அக்கா மகனின் அலுவலகத்தில் மருந்துக்குச் சலுகை உண்டு, அட்டைப்பெட்டிக்கும் லாரிக்கும் உண்டா என்று ஒரு விவாதம்.

வீட்டுக்குக் கீழே சிறு அடுமனை வைத்திருப்பவரைத்தான் இந்தச் செய்தி உண்மையில் தாக்கியிருக்கிறது. எளிய வரிமுறையில் ஆண்டு விற்பனை 6 கோடி ரூபிளைத் தாண்டாதவரை இவர் போன்றவர்களுக்கு இந்த வரி இல்லை. அந்த வரம்பை 1 கோடியாகக் குறைக்கவும் அதே முன்மொழிவில் இருக்கிறது. நான் முட்டைக்கோசு பொதிந்து சுட்ட பிரோக் வாங்கப் போனபோது அவர் கல்லாச் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஆண்டுக்கு 1 கோடி என்றால் நாளொன்றுக்கு 27,400 ரூபிள் விற்பனை. மழை நாளில்கூட அதைவிட அதிகம் விற்கும். குறைந்தபட்ச வீதமான 5 சதவீதம் என்றாலும் வரி, அதற்கு மேலே கணக்கு எழுத ஒருவரின் சம்பளம், ஏறப்போகும் வாடகை, மாவு. பென்சிலை வைத்துவிட்டு, 90 ரூபிளுக்கு விற்கும் பிரோக்கை ஜனவரியிலிருந்து 100 ஆக்கினால் வாங்குவீர்களா என்று அக்கா மகன் மூலமாக என்னைக் கேட்டார். இந்தச் சுவைக்கு நிச்சயம் வாங்குவேன் என்றேன்.

"இவர் நாளைக்கு ஊருக்குப் போகிறவர்தானே" என்று அவனிடம் சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் நின்ற கிழவியைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார். கிழவி அப்படியானால் ஒன்றுதான் வாங்குவேன் என்றார், வழக்கமாக இரண்டு வாங்குகிறவராம்.